எங்கள் கிணற்றுக்குப் பூட்டு

ரொறன்ரோவில் நான் இருக்கும் மாடிக் கட்டடத்தின் கீழே ஒரு பூங்கா உண்டு. நிலம் கட்டடத்துக்குச் சொந்தம். வந்து உட்காரும் உரிமை எல்லாருக்கும் பொது. கூடுதல் மாடி எழுப்ப அனுமதி கேட்டபோது நகரசபைக்குக் கொடுத்த உறுதி அது. அந்த உறுதியை எவ்வளவு வேண்டாவெறுப்பாகக் கொடுத்தார்கள் என்பதை அங்கு உட்காரப் போட்டிருக்கும் வாங்குகளைப் பார்த்தாலே தெரியும். யாரும் படுத்துவிடக் கூடாதென்று ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் இரும்புக் கம்பி.

போன மாதம் அந்தப் பூங்காவுக்குப் பூட்டுப் போட வேண்டுமென்று குடியிருப்பாளர் கூட்டம் கூட்டினார்கள். வெளியாட்கள் வந்திருந்து சாப்பிடுகிறார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து எங்கள் ஊரான வேலணைத் தீவைப் பற்றிச் சொன்னேன். சுற்றிவர உவர்த் தண்ணீர். அப்பாவின் காணிக்குள் மட்டும் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. அப்பா படலையைச் சாத்தியதே இல்லை. எங்கள் தெரு ஒழுங்கைச் சனமெல்லாம் வந்து அள்ளும், அலம்பும், சண்டை பிடிக்கும், சமாதானமாகிப் போகும். நான் சொல்லி முடித்ததும் கட்டட முகாமையாளர் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "குழாய்கூட இல்லாமல் எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறீர்கள்! இனி உங்களுக்குப் பயமில்லை" என்றாள். கூட்டம் கை தட்டியது. நான் எதைச் சொன்னேன், இவர்கள் எதற்குத் தட்டுகிறார்கள்! நல்லவேளை, நகரசபை ஒப்பந்தம் குறுக்கே நின்றதால் பூட்டு வரவில்லை.

அந்தக் கிழமைக்குள்ளேயே, ஊரில் எங்கள் பக்கத்து வீட்டுக் கமலாக்கா தொலைபேசியில் வந்தார்.

"பிள்ளை, கொண்ணன் வந்து மதிலும் கட்டி, படலைக்குப் பூட்டும் போட்டிட்டுப் போயிட்டான். பவுசர் லொறியிலை வாற தண்ணியை நம்பி இருக்கேலாது. நாங்கள் எங்கை போறது?"

லண்டனில் இருக்கும் அண்ணனை உடனே தொலைபேசியில் எடுத்தேன்.

"சனத்தை விட்டால் நாளைக்குப் பாதை தங்கடை எண்டு கோட்டுக்கு வழக்காடப் போகுங்கள்."

"அண்ணை, காணியிலை பாதி என்ரை."

"ஓம், அதுக்குத்தான் உனக்கும் அந்தப் பூட்டின்ரை திறப்பு ஒண்டு அனுப்பியிருக்கிறன்."

வெட்கம் கெட்ட கதை. நாங்கள் எல்லோரும் வெளிநாட்டுக்கு ஓடி வந்த பிறகு, வருடாவருடம் அந்தக் கிணற்றை இறைத்துச் சேறு அள்ளியது அந்தச் சனம்தான். அண்ணனுடைய பிள்ளைகள் ஊஞ்சலாடி வளர்ந்ததோ லண்டன்காரரின் பொதுப் பூங்காவில். அங்கே இவரை யாரும் வாசலில் மறித்ததில்லை. ஆளில்லாத காணிக்கு இவர் மதில் கட்டுகிறார்.

திறப்பு தபாலில் வந்த அன்றே கமலாக்காவுடன் பேசினேன்.

"அக்கா, இதை உங்களுக்கு அனுப்புறன். படலையைத் திறந்தே விடுங்கோ."

"அனுப்பு பிள்ளை. ஆனால் கொண்ணன் வந்து சத்தம் போட்டால், நீ வந்து எங்கடை பக்கம் நிப்பியோ?"

தபால் நிலையம் மூட முதல் போக வேண்டுமென்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். கமலாக்கா தன் பக்கத்துப் படலையைத் திறக்க, ஒரு திறப்பு லண்டனிலிருந்து ரொறன்ரோ வந்து வேலணைக்குப் போக வேண்டியிருக்கிறது. ஆத்திரத்தோடு அதைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்து, பூங்கா வாங்கில் உட்கார்ந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவர் பாண் துண்டொன்றைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். என்னிடம் அனுமதி கேட்கவில்லை, கேட்கத் தேவையுமில்லை. கமலாக்காவின் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. திறப்பு ஊருக்குப் போய்விட்டது. நான் இந்த வாங்கில் இருக்கிறேன்.