தேள் மார்க்

பொட்டலங்களில் தேள் படம் வந்த வருடம்தான் என் முன்பல் உடைந்தது.

அப்போது கன்னடமும் தமிழும் கலந்து பேசும் பிரேசர் டவுனில் ஒரு மரக்கடைக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருந்தேன். வாயில் அடக்கும் புகையிலைப் பொட்டலங்களில் இனி தேள் படம் இருக்க வேண்டும், இல்லாததை விற்கக் கூடாது என்று சட்டம் வந்தது. படிக்கத் தெரியாதவர்களுக்கும் உள்ளே விஷம் என்று புரியத்தான் அந்தப் படம் என்று சரக்கு போட வந்த சேல்ஸ்மேன் விளக்கினார். கீழே இங்கிலீஷில் எழுதியிருந்தது. ஐந்தாவது வரை தமிழ் படித்தவன் நான். அவர் சொல்லாவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது.

படத்தைச் சொல்லியே பீடியும் தீப்பெட்டியும் வாங்கிப் பழகியவர்கள், தேளையும் கம்பெனி மார்க் என்று நினைத்துக்கொண்டார்கள். மரக்கடையில் லோடு இறக்கும் ஒரு அண்ணன் தினமும் வருவார்.

"தேள் மார்க் கொடு குரு. சும்மா கொட்டுது பாரு!"

அவருடைய கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு புண். முன்பு டூப்ளிகேட் சரக்கு போட்டதால் வந்தது, தேள்தான் ஒரிஜினல், அதில் ஆறிவிடும் என்பார். அப்படியில்லை என்று சொல்ல வாயெடுப்பேன். கூட நாலு பேர் நிற்பார்கள். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம். பொட்டலத்தை நீட்டிவிடுவேன்.

ஒரு மத்தியானம், அடியில் கிடந்த படமில்லாத பழைய பொட்டலத்தைக் கைதவறிக் கொடுத்துவிட்டேன்.

"தேள் எங்கடா?"

"பழைய சரக்குண்ணா. மாத்தித் தரேன்."

"அப்போ இத்தினி நாளா இதைத்தான் கலந்து குடுத்தியா? அதான் புண்ணு ஆறல!"

சட்டையைப் பிடித்துப் பலகைக்கு மேலாக இழுத்தார். மிட்டாய் ஜாடி ரோட்டில் விழுந்து நொறுங்கியது. முதல் அறையில் காது அடைத்துக்கொண்டது. கண்ணாடித் துண்டுகள் மேல் முட்டி போட்டு விழுந்தேன்.

"பேசுடா, வாயில்லாப் பூச்சி!"

குத்து உதட்டில் விழுந்தது. பல் நாக்கின் மேல் கல் போல உருண்டது. அப்போதுதான் கத்தினேன்.

"அது மார்க் இல்லண்ணா! விஷம்னு படம் போட்டிருக்கான்! தேள் இருந்தாலும் விஷம், இல்லன்னாலும் விஷம்!"

"பொய் வேறயா?" என்று வயிற்றில் உதைத்தார். மரக்கடை முதலாளி ஓடி வந்து அவரை இழுத்தார். கீழே சிதறிய பொட்டலம் ஒன்றை எடுத்து, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ஹௌது கணோ, அவன் சொல்றது நிஜம்தான். கேன்சர்னு போட்டிருக்கு. எங்கே, வாயைத் திற."

அண்ணன் திறந்தார். வாய் இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு எப்பலேந்து தெரியும்?"

"படம் வந்த நாள்லேந்துண்ணா."

மறுபடி அறைந்தார். அந்த அறைக்கு மட்டும் நான் கையைக் குறுக்கே வைக்கவில்லை.

புண் கேன்சர்தான் என்று ஆஸ்பத்திரியில் அவருடைய கன்னத்தில் பாதியை வெட்டி எடுத்தார்கள். பார்க்கப் போனபோது டாக்டர் கட்டிலருகே நின்றிருந்தார். முன்பே வந்திருந்தால் இவ்வளவு வெட்ட வேண்டியிருந்திருக்காதா என்று கேட்க வாயெடுத்தேன். கூட நாலு பேர் நின்றிருந்தார்கள்.