கன்னியாகுமரியிலிருந்து கொண்டுவந்த கல்

நாலு வருஷமாக இதை எழுத வேண்டும் என்று நினைத்து, எழுதாமலே தள்ளிப்போட்டு வந்தேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுத்தே காலம் கழித்தவன் நான். எழுத வராது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. பயம். காலையில் விளக்கேற்றும்போது "இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன், பத்மநாபா" என்பேன். சாயங்காலம் அதே விளக்கின் முன்னால் தலை குனிந்து நிற்பேன்.

வலியசாலையில் எங்கள் வீட்டு முன்னறையில் நாலடி நீளத்துக்கு ஒரு கடல்மீன் தொட்டி இருந்தது. மகன் வாங்கி வைத்தது. அவனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்ததும், "அம்மா, நீ பாத்துக்கிடு" என்று சொல்லிவிட்டுப் போனான். என் மனைவி ஏழு வருஷம் பார்த்துக்கொண்டாள். உப்புக் கலந்து தண்ணீர் மாற்றுவது, காற்றில் வற்றிக் குறைகிற அளவுக்கு, குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் ஆகாதென்று நீல கேனிலிருந்து வடிகட்டிய தண்ணீரை ஊற்றுவது எல்லாம் அவள்தான். உள்ளே அடுக்கிய கற்களின் மேல் ஊதா நிறம் படர்ந்து, பவளப் பூச்சிகள் பூப்பூவாக விரிந்து கிடக்கும். விரல் விரலாக ஆடும் கடல்சாமந்தி ஒன்றுக்குள் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் ஜோடி குடியிருந்தது. "பொண்ணு மாப்பிள எந்திரிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் அவள் காலையில் லைட்டைப் போடுவாள்.

நாங்கள் சைவம். மீனுக்குத் தீனியோ உறைய வைத்த பொடி இறால். அதைப் பார்த்து நான் முகம் சுளித்தால், "நாம சைவம், சரி. அதுகளையும் விரதம் இருக்கச் சொல்லுதியளா?" என்பாள். போட்டு முடித்து, மூன்று தரம் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் பூஜை அறைப் பக்கம் போவாள்.

ஒரு மாசி மாசம் காய்ச்சல் வந்து ஒன்பதே நாளில் போய்விட்டாள். மகன் வந்து காரியம் செய்தான். கன்னியாகுமரியில் சாம்பலைக் கரைத்தோம். பதினாறு முடிந்ததும் அவன் திரும்பிப் போனான். அப்புறம் தொட்டிக்கு நானும் மகளும்தான். மகளைக் கரமனையில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். ஞாயிறுதோறும் வந்து கண்ணாடியைத் துடைத்து, தண்ணீர் ஊற்றி, அம்மா உட்காரும் ஸ்டூலில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள்.

அந்த ஆடி அமாவாசைக்கு நான் மட்டும் கன்னியாகுமரி போனேன். சாம்பலைக் கரைத்த அதே இடத்தில் இறங்கி, எள்ளும் தண்ணீரும் விட்டு முங்கி எழுந்தபோது காலில் ஒன்று இடறியது. குனிந்து எடுத்தேன். தேங்காய்ப் பருமனில் ஒரு கல். உடம்பெல்லாம் ஓட்டை; ஓட்டைக்குள் சிப்பி, பாசி, எதுவோ நெளிந்தது. அவளைக் கரைத்த தண்ணீரில் கிடந்த கல். கடலில் விட்டதைத் திரும்ப வீட்டுக்கு எடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே ஈரத் துண்டில் சுற்றினேன். அவள் தொட்டியில் அவளையே வைக்கப் போகிறேன் என்று ஒரு நினைப்பு. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அது என் மடியில்தான் இருந்தது.

அப்படியே போட்டுவிடவில்லை. மீன்தீனி வாங்கும் மலையாளிக் கடைக்காரரை போனில் கூப்பிட்டு, சிநேகிதன் ஒருத்தன் கேட்கிறான் என்று சொல்லிக் கேட்டேன்.

"கடல்லேந்து எடுத்த கல்லாணோ? நேரே தொட்டியில இடல்லே சேட்டா, கேட்டோ! அதுக்குள்ள எத்தனை ஜீவன் உண்டு. பாதி சாகும், அழுகும். அந்த விஷம் மீதி எல்லாத்தையும் கொல்லும். ஒரு மாசம் வேற தொட்டியில வெச்சு தினம் தண்ணி மாத்தணும். இல்லெங்கில் ப்ளீச்சில ஊறப்போட்டு, பிரஷ் வெச்சு நல்லா தேய்ச்சு, வெயில்ல காயப் போடணும்."

மறுநாள் ப்ளீச்சிங் பவுடரும் பிரஷும் வாங்கிவந்து, பின்முற்றத்தில் வாளியோடு உட்கார்ந்தேன். பிரஷைக் கல்லின் மேல் வைத்தேன். இழுக்கக் கை வரவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவளைத் துடைக்கும்போது "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே நின்றேனே, அந்த உடம்புதானே இதுவும். ப்ளீச்சில் போடவா அவளை? ஒரு மாசம் குளியலறை வாளியில் கிடக்கட்டும் என்று விடவா? பவுடரைத் தூர வைத்தேன். சட்டையைக் கழற்றி, விபூதி இட்டு, கல்லைத் தொட்டிக்குள் இறக்கி, பார்ப்பவர் கண்ணில் படாதபடி பெரிய கல்லுக்குப் பின்னால் வைத்தேன். சாயங்காலம் அதன் ஓட்டையிலிருந்து பட்டன் அளவு நண்டு ஒன்று எட்டிப் பார்த்தது. "வந்துட்டியா" என்று சத்தமாகவே கேட்டேன். அவள் போன பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

அதற்கு மறுநாள் ஞாயிறு. மகள் வந்தாள். கன்னியாகுமரிப் பயணத்தில் நான் நீல கேனை வாங்கி வைக்க மறந்திருந்தேன். தண்ணீர் குறைந்திருந்ததால் அவள் அடுக்களையில் பிடித்து வைத்திருந்த குழாய்த் தண்ணீரில் அரை வாளி ஊற்றினாள். "ஒரு நேரத்துக்கு ஒண்ணும் ஆவாதுல்லாப்பா?" என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் ஊற்றினாள்.

திங்கள்கிழமை தொட்டி அரிசி களைந்த தண்ணீர் போலக் கலங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவ்வாய் விடியும்போது கடல்சாமந்தி கூழாகிக் கிடந்தது. பொண்ணும் மாப்பிளையும் அதன் பக்கத்திலேயே சாய்ந்து கிடந்தன. நான் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? கையை விட்டுக் கல்லை எடுத்தேன். அழுகல் நாற்றம் அடித்தது. மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்ப் பழைய பேசினைக் கவிழ்த்து மூடினேன். அதற்குப் பிறகுதான் மகளுக்கு போன் செய்தேன்.

அவள் ஓடிவந்தாள். மீன்கடைக்காரரும் வந்தார். தண்ணீரைச் சோதித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "புதுசா எதாவது இட்டோ, சேட்டா?"

"ஒண்ணுமில்லையே."

மகள் என் பக்கத்தில்தான் நின்றாள். "நான் அடுக்களைத் தண்ணி ஊத்திட்டேன்" என்றாள்.

"அதொண்ணும் இத்தனை செய்யாது, மோளே. சேட்டன் அன்னைக்கு போன் விளிச்சுக் கேட்டது…"

"அது வேற ஆளுக்கு" என்று நான் குறுக்கே பாய்ந்தேன். அவர் என் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டார்.

மஸ்கட்டிலிருந்து மகன் போனில் கத்தினான். அவள், "ஆமாண்ணே, நான்தான், நான்தான்" என்று அழுதுகொண்டே சொன்னாள். நான் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

கதை சொந்தக்காரர்களிடம் பரவியது. "அம்மை ஏழு வருஷம் வளத்தா, மக ஒரே வாளியில முடிச்சுட்டா" என்று ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ சொல்ல, சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். இலையிலிருந்த பாயசத்தை வழித்துச் சாப்பிட்டேன். என்னைப் போல ஒரு பாவி உண்டா?

போன மாசம் மகளோடும் பேத்தியோடும் கிழக்கேகோட்டைக்குப் போயிருந்தேன். கோயிலில் தொழுதுவிட்டு வரும்போது, ஒரு கடை வாசலில் கண்ணாடிக் குடுவையில் தங்கமீனைப் பார்த்துப் பேத்தி அடம் பிடித்தாள்.

"வேண்டாம் மக்ளே" என்றாள் மகள். "அம்மைக்குக் கைராசி இல்ல. நான் தொட்டா மீன் செத்துப்போவும்."

குழந்தை அம்மாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பிறகு அந்தக் கையை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் மகளை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டுப் போனேன். பேசினை நிமிர்த்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் குனிந்து கல்லைப் பார்த்தாள். "அம்மையைக் கரைச்ச இடத்துலேருந்தா?" என்று மட்டும் கேட்டாள். கல்லைக் கையில் எடுத்தாள். காய்ந்து வெளுத்துப் போயிருந்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். என் மேல் அவளுக்கு இரக்கம் வந்துவிட்டது என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவள் விலகிக்கொண்டாள்.

"கல்லை இட்டது எனக்குப் புரியுதுப்பா. நானும் இட்டிருப்பேன். ஆனா அண்ணன் என்னைத் திட்டும்போ நீங்க பக்கத்துல இருந்தியளே. நாலு வருஷம்ப்பா. அம்மை படத்தை நேரே பாக்க எனக்கு ஆவல்ல, தெரியுமா?"

"மன்னிச்சிரு மக்ளே."

"எங்கிட்ட சொன்னா போதாது. யாரெல்லாம் சிரிச்சாவளோ, அவங்ககிட்ட எல்லாம் சொல்லுங்க. சொல்லிட்டு எனக்கு போன் பண்ணுங்க."

கல்லை அவளே கொண்டுபோய்விட்டாள். அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு போய்விட்டது. வரவில்லை.

வீடு வீடாகப் போய்ச் சொல்ல எனக்கு நாக்கு எழாது. அதனால் எழுதிவிட்டேன். படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பந்தியிலோ பயணத்திலோ எங்கள் வீட்டு மீன் கதை வந்தால் இதைச் சொல்லுங்கள். இருக்கிறபடியே சொல்லுங்கள். பாவம், பெண்டாட்டி போன துக்கத்தில் செய்துவிட்டான் என்று என் பக்கம் ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாம். அழுக்கோடு கல்லைப் போட்டது நான். இல்லை என்று சொன்னது நான். அவள் ஊற்றியது அரை வாளித் தண்ணீர். அதில் ஒரு மீனும் சாகவில்லை.