‘கம் ரவுண்ட்’ என்றால்

இங்கிலாந்தில் ஒருவர் ‘கட்டாயம் வீட்டுக்கு வாருங்கள்’ என்று சொன்னால் அது அழைப்பு அல்ல. ஹல் நகரத்துக்கு வந்த மூன்றாவது வாரத்தில் இதைத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்ட விதத்தை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி ஜேனட் இருக்கிறார். நான் வேலை செய்யும் மருத்துவமனையில் எனக்கு மூத்த செவிலியரும் அவர்தான். ஒரு காலையில் இருவரும் குப்பைத் தொட்டிகளை வாசலுக்கு இழுத்துக்கொண்டிருந்தபோது, அவர் சிரித்தபடி, “யூ மஸ்ட் கம் ரவுண்ட் சம்டைம்” என்றார். வீட்டுக்குள் வந்து அதைப் பிரித்துப் பார்த்தேன். கம் என்றால் வா. ரவுண்ட் என்றால் சுற்று. முன்வாசல் வழியாக வராதே, பின்பக்கமாகச் சுற்றி வா என்கிறார் என்று முடிவு செய்தேன். அன்று மாலையே மீன் வறுத்து டப்பாவில் எடுத்துக்கொண்டு, வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் சந்து வழியாகப் போய் அவருடைய சமையலறைக் கதவைத் தட்டினேன். தலையில் துண்டும் உடம்பில் குளியல் அங்கியுமாகக் கதவைத் திறந்த ஜேனட், என் முகத்தையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, “ஏதாவது பிரச்சினையா?” என்று கேட்டார்.

நான் பிறந்த சதுரங்கப்பட்டினம் குப்பத்தில் யாரும் யாரையும் வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால்தான் என்னவோ ஏதோ என்று சந்தேகம் வரும். அம்மாவோடு மீன் விற்கப் போகும் பெண்கள் தெருமுனையிலேயே “இன்னாடி கொழம்பு?” என்று கேட்டுக்கொண்டு வந்து, நேராக அடுப்பண்டை போய்ச் சட்டியின் மூடியைத் திறப்பார்கள். பிடித்திருந்தால் சாப்பிடுவார்கள், இல்லாவிட்டால் திட்டுவார்கள். வருகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லி, நாள் குறித்து, மணி குறித்து ஒரு வீட்டுக்குள் போகலாம் என்பதே எனக்கு இங்கு வந்துதான் தெரியும். ஜேனட் அன்று மீனை வாங்கிக்கொண்டார். மறுநாள் டப்பாவைக் கழுவி, உள்ளே நான்கு பிஸ்கட் வைத்து, என் முன்வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டாமலே போயிருந்தார்.

அதே சொல் இரண்டாம் முறை என்னை வார்டில் பிடித்தது. அறுவைச் சிகிச்சை முடிந்தவர்கள் மயக்கம் தெளியும் வரை படுத்திருக்கும் அறையில்தான் எனக்கு வேலை. மயக்க மருந்து மருத்துவர் நான்காம் படுக்கையைக் காட்டி, “ஹாஸ் ஹி கம் ரவுண்ட்?” என்றார். நான் செங்கல்பட்டில் நர்ஸிங் படித்தவள். அங்கே காலையில் எங்கள் வாயில் வரும் முதல் கேள்வி, டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தாச்சா என்பதுதான். என் காது அந்த ரவுண்டைத்தான் பிடித்துக்கொண்டது. “நாட் யெட், டாக்டர். ஹி வில் கம் அட் டென்” என்று தெளிவாகச் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். வாயில் குழாயோடு அசையாமல் கிடந்த நோயாளியைப் பார்த்தார். “சரியாகப் பத்து மணிக்கா? உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் தூங்கினாரா?” என்று கேட்டார். ஜேனட் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அறையே சிரித்தது. அந்த நோயாளி மட்டும்தான் சிரிக்கவில்லை.

அதில் கெட்ட எண்ணம் இல்லை. பிறகு ஜேனட்டே தேநீர் கொடுத்து, நினைவு திரும்புவதையும் அப்படித்தான் சொல்வோம் என்று விளக்கினார். ஆனால் எனக்கு அந்தச் சிரிப்பு இறங்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு. அம்மாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். பத்து வயதிலிருந்து பாதிக் குப்பத்துக்கு மனு எழுதியவள், வங்கிப் படிவம் நிரப்பியவள் நான். வெளிநாடு போவதற்கான ஆங்கிலத் தேர்வை முதல் முறையிலேயே தாண்டியவள். அந்தப் பெருமையில் தலை நிமிர்த்தி நடந்தவளை, எல்லாக் குழந்தைக்கும் தெரிந்த இரண்டு சின்னச் சொற்கள் சேர்ந்து முட்டாளாக்கிவிட்டன. இப்படிப்பட்ட இரட்டைச் சொற்களை எழுதி வைக்க அன்று மாலை ஒரு நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் கம் ரவுண்ட் என்று எழுதி, வீட்டுக்கு வருதல், நினைவு திரும்புதல் என்று இரண்டு பொருள் போட்டேன். அதற்கு மேல் எழுத முடியவில்லை. தெரியாத மொழியின் முன்னால் நின்று, சுற்றியிருப்பவர்கள் சிரிக்கக் கேட்பது எப்படி இருக்கும் என்பது இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. அது தெரிந்ததும் நைனாவின் முகம் வந்தது.

நைனா என்றுதான் நாங்கள் அப்பாவைக் கூப்பிடுவோம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் சென்னை அலுவலகத்துக்கு அவரும் என்னோடு வந்தார். கடலுக்குப் போகாமல், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அதிகாரி ஒப்பந்தத்தைப் பாதி ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டே போனார். நடுவில் நைனா, “சார், புள்ள திரும்பி எப்ப வரும்?” என்று கேட்டார். அதிகாரியின் உதட்டோரம் லேசாக வளைந்தது. எனக்கு மானம் போய்விட்டது. “ஒனக்கு ஒண்ணும் பிரியாது நைனா. கம்முனு இரு” என்றேன். அதோடு விட்டிருக்கலாம். அதிகாரியின் பக்கம் திரும்பி, இவர் படிக்காதவர், மீன் பிடிப்பவர், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தேன். நைனாவுக்கு ஆங்கிலம் புரியவில்லை. சிரிப்பு புரிந்துவிட்டது. எழுந்து வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார். செங்கல்பட்டு வரை மின்சார ரயிலிலும், அங்கிருந்து ஊர் வரை பேருந்திலும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் விமானம் ஏறிய அன்று போட்டை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்டார்.

இதை ஒருநாள் ஜேனட்டிடம் சொன்னேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, “கிவ் ஹிம் டைம். ஹி வில் கம் ரவுண்ட்” என்றார். “அவரிடம் பாஸ்போர்ட் இல்லையே” என்றேன். ஜேனட் இந்த முறை சிரிக்கவில்லை. பிடிவாதம் பிடித்த மனசு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி நம் பக்கம் வருவதையும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். நோட்டில் மூன்றாவது பொருளை எழுதினேன். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. காரணம் எளிது. அந்த வாக்கியத்தில் நான் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. வருகிறவர் அவர். நான் காத்திருந்தால் போதும். இந்த மூன்றாவது பொருளில் யாரும் ‘நான் கம் ரவுண்ட் ஆகப்போகிறேன்’ என்று முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதைப் பிறகு கவனித்தேன். எப்போதும் அவன் வருவான், அவள் வருவாள். அந்த வினை அடுத்தவர் தலையில்தான் ஏறும்.

இரண்டு வருடம் அப்படியே போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைக் கூப்பிடுவேன். இங்கே பதினோரு மணி, அங்கே நாலரை.

“உங்க நைனா வூட்லதான் கீறாரு. குடுக்கட்டா?”

“குடு.”

கொஞ்ச நேரம் கடல் இரைச்சல் மட்டும் கேட்கும். பிறகு அம்மா, “வேணாமாம் கண்ணு” என்பார். ஒருமுறை அவருக்கே பொறுமை போய்விட்டது. “அப்பனும் பொண்ணும் ரெண்டு பேரும் ஒரே கொழுப்பு. மன்னிச்சிக்க நைனான்னு ஒரு வார்த்த சொன்னா இன்னா கொறஞ்சா பூடுவ?”

“நான் இன்னா இல்லாததயா சொன்னேன்?” என்றேன். படித்தவள் பேசிய பேச்சு அது.

ஒரு செவ்வாய்க்கிழமை பகலில், வேலை நேரத்தில், அம்மாவின் அழைப்பு வந்தது. கரையேறும்போது அலை போட்டைப் புரட்டிவிட்டது. நைனாவின் தலை விளிம்பில் மோதியிருந்தது. செங்கல்பட்டில் சேர்த்து, தலையில் அறுவைச் சிகிச்சை முடித்திருந்தார்கள். “கண்ணத் தொறக்கல கண்ணு. நீதான் நர்ஸாச்சே, எப்ப தொறப்பாருன்னு சொல்லு” என்றார் அம்மா. தினமும் பத்துப் பேருக்கு மயக்கம் தெளிவதைப் பார்க்கிறவள்தான் நான். வந்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். விமானத்தில் இடம் கிடைக்க இரண்டு நாள் ஆயிற்று. கிளம்பும்போது ஜேனட் என்னைக் கட்டிக்கொண்டு, “ஹாஸ் ஹி கம் ரவுண்ட்?” என்று கேட்டார். “நாட் யெட்” என்றேன். மூன்று பொருளுக்கும் அதுதான் பதிலாக இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது நைனா கண் திறந்திருந்தார். தலையில் கட்டு, கன்னத்தில் நரைத்த தாடி. என்னைப் பார்த்ததும் படுக்கையில் நிமிர்ந்து உட்காரப் பார்த்தார். நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தேன். பழக்கத்தில் கை தானாக அவருடைய நாடியைத் தேடியது. அவர் மணிக்கட்டைக் காட்டிக்கொண்டு, “நர்ஸம்மா, எப்ப வூட்டுக்கு அனுப்புவீங்க?” என்று கேட்டார்.

“யோவ், ஒம்பொண்ணுய்யா இது” என்றார் அம்மா.

நைனா சங்கடப்பட்டார். “கம்முனு இரும்மே. அந்தம்மா தப்பா நெனச்சிக்கப் போறாங்க.” பிறகு என் பக்கம் திரும்பி, இரண்டு வருடம் என்னிடம் பேசாத வாயால், பொறுமையாகப் பேசினார். “எம்பொண்ணும் நர்ஸுதாம்மா. வெளிநாட்ல கீது. இங்கிலீஷு தண்ணி மாதிரி பேசும். எனக்குதான் ஒண்ணும் பிரியாது.”

அம்மாவை அவருக்குத் தெரிந்தது. போட்டைத் தெரிந்தது, ஊரைத் தெரிந்தது. மகள் இருக்கிறாள் என்பதும் தெரிந்தது. அந்த மகளோடு என் முகத்தைப் பொருத்திப் பார்க்க மட்டும் அவரால் முடியவில்லை. இப்படிச் சிலருக்கு ஆவதுண்டு, திரும்பியும் வரலாம், வராமலும் போகலாம் என்றார் மருத்துவர். மூன்று வாரம் அவர் பக்கத்திலேயே இருந்தேன். சோறு ஊட்டினேன், உடம்பு துடைத்தேன். ஒரு பிற்பகல், அம்மா மருந்து வாங்கப் போயிருந்தபோது, அவர் காலைப் பிடித்துக்கொண்டு, “நாந்தான் நைனா. நான் பேசினது தப்பு. மன்னிச்சிக்க” என்று அழுதேன். அவர் பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டார். “இன்னாத்துக்கும்மா அழுவுற? பெரிய டாக்டரு எதுனா திட்னாரா?” என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். வேறென்ன சொல்வது.

விடுப்பு முடிந்து ஹல்லுக்குத் திரும்பிவிட்டேன். வந்த வாரம், “உன் அப்பா எப்படி இருக்கிறார்?” என்று கேட்டார் ஜேனட். “ஹி ஹாஸ் கம் ரவுண்ட்” என்றேன். இலக்கணம் சரியாக இருந்தது. அவர் மகிழ்ந்தார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுகிறேன். இந்த நர்ஸம்மாவும் உன் பெண் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே போய்விட்டாள் என்று அம்மா அவரிடம் சொல்லி வைத்திருக்கிறார். “பொய்யின்னா பொய்யிதான். ஆனா ஒங்கூட பேசுறாரே” என்றார் என்னிடம். உண்மைதான். வீடியோவில் என்னைப் பார்த்ததும் நைனா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்கிறார். இருமல், தூக்கம், கடலின் போக்கு எல்லாம் சொல்கிறார். இரண்டு வாரம் முன்பு குரலைத் தாழ்த்தி, “எம்பொண்ண அங்க பாத்தீன்னா, நைனா கோச்சிகினு இல்லன்னு சொல்லும்மா” என்றார். நான் இரண்டு வருடம் காத்திருந்த சொல் வந்துவிட்டது. முகவரிதான் என்னுடையதாக இல்லை. சொல்கிறேன் என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை முகம் தெரிந்ததுமே கேட்டார்.

“எம்பொண்ணாண்ட சொன்னியாம்மா?”

“சொன்னேங்க.”

“இன்னா சொல்லிச்சு?”

“மன்னிச்சிக்கச் சொல்லிச்சுங்க. அன்னிக்கி ஆபீஸ்ல நாலு பேர் எதிர்ல அப்பிடி பேசினதுக்கு. ரொம்ப அழுதுச்சு.”

நைனா தலையை ஆட்டிக்கொண்டு சிரித்தார். “அட பைத்தியமே. அத்த இன்னுமா மனசுல வெச்சிகினு கீது?” கண்ணைத் துடைத்துக்கொண்டார். சட்டென்று ஏதோ நினைவு வந்தவராகத் திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பரபரத்தார்.

“சரி, நீ போன வெச்சிடும்மா. ஞாயித்துக்கெழம இந்நேரத்துக்குதான் எம்பொண்ணு கூப்புடும். லைனு கெடைக்கலன்னா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கும்.”

“சரிங்க” என்றேன்.

என்னுடைய அழைப்பு அவருக்கு வந்து சேர வேண்டும் என்பதற்காக, நான் இணைப்பைத் துண்டித்தேன்.