அவள் அழுததை நான் எழுதினேன்

ஒரு பெண் என்னை நம்பி என் அறையில் அழுதாள். அந்த அழுகையை அவளுக்கு எதிரான சான்றாக நான் எழுதிக் கொடுத்தேன்.

இதுதான் என் குற்றம். முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். காரணங்களைப் பிறகு சொல்கிறேன். காரணங்களை முதலில் சொன்னால் நீங்கள் இரங்கிவிடக்கூடும்... அந்த இரக்கத்துக்கு நான் உரியவள் அல்ல.

நியூ ஜெர்சியில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கிறேன். பாடம் நடத்துபவள் அல்ல. அங்கே பணிபுரிகிறவர்களின் நலனைக் கவனிக்கும் சிறிய அலுவலகம் ஒன்றுக்குப் பொறுப்பாளர். நெருக்கடியை எப்படித் தாங்குவது, விழுந்தால் எப்படி எழுவது, வேலையில் எப்படி வளர்வது... இவற்றையெல்லாம் நூலக ஊழியருக்கும் எழுத்தருக்கும் சமையல்கூடத்துப் பணியாளருக்கும் சொல்லிக்கொடுப்பது எங்கள் வேலை. யாராவது மனம் உடைந்து வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு கேட்போம். இங்கே சொன்னது வெளியே போகாது என்று முதலிலேயே உறுதி சொல்வோம். எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன் அந்த உறுதியை!

ரேவதி எனக்குக் கீழே வேலை செய்தாள். ஈரோட்டுப் பெண். கணவருக்கு ஐ.டி. வேலை, எடிசனில் வீடு, ஒரே மகள். பல ஆண்டுகள் வீட்டிலேயே இருந்துவிட்டு, வேலை அனுமதி கிடைத்ததும் எங்களிடம் வந்தாள். கூட்டங்களில் மற்றவர்களைப் போல என்னைப் பெயர் சொல்லி அழைப்பாள். கதவு சாத்தியதும் நான் அக்காவாகிவிடுவேன்.

அவளுக்கு ஒரு திறமை இருந்தது. எனக்கு இல்லாத திறமை. மனிதர்கள் அவளிடம் பேசினார்கள். உணவுக்கூடத்தில் தட்டுக் கழுவும் பெண்ணின் முழங்கால் வலி அவளுக்குத் தெரியும். விடுதியைக் கூட்டிப் பெருக்குகிறவரின் மகன் பள்ளிக்குப் போக மறுப்பது தெரியும். நான் பத்து ஆண்டுகளாக மதியம் பன்னிரண்டு மணிக்கு யோகா வகுப்பு நடத்தி, அதே எட்டுப் பேரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்த மூன்றாம் மாதமே அவள் சொன்னாள்:

"மத்தியானம் யோகான்னா ஆபீஸ்ல உக்காந்திருக்கறவங்கதானுங்க்கா வருவாங்க. கிச்சன்ல நிக்கறவங்க எப்படி வருவாங்க? பிரேக்ஃபாஸ்ட் முடிஞ்சு லஞ்ச் ஆரம்பிக்கறதுக்குள்ள அவங்களுக்கு ஒரு அரை மணி நேரம் கிடைக்குது. பத்து மணிக்கு. நாமதான் அங்க போகணும்."

போனோம். முதல் நாளே நாற்பது பேர். பாத்திரம் தேய்க்கும் தொட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, தோளைத் தளர்த்துவது எப்படி என்று அவள் காட்டினாள். சிரிக்கவைத்தாள். மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியபோது "நாங்கள்" என்று எழுதினேன். அது பொய்யல்ல, இல்லையா? ஆனால் உண்மையும் அல்ல.

ஒரு கூட்டத்தில் என் மேலதிகாரி டயான் என்னிடம் ஏதோ கேட்டார். நான் தாள்களைப் புரட்டினேன். டயான் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, பார்வையை ரேவதியின் பக்கம் திருப்பினார். அவ்வளவுதான் நடந்தது! ஒரு தலை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்பியது. அன்று முதல் எனக்குள் ஏதோ ஒன்று விழித்துக்கொண்டது.

பொறாமையா? பயமா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இரண்டுக்கும் நடுவே நான் கோடு போட்டுப் பார்த்ததே இல்லை.

இனி அந்தக் காலைப் பொழுது.

ரேவதியின் அப்பா ஈரோட்டில் இறந்துபோனார். அவளால் போக முடியவில்லை. கிரீன் கார்டு விண்ணப்பம் பாதியில் நின்றது. பயண அனுமதி கைக்கு வராமல் நாட்டைவிட்டுக் கிளம்பினால் குடும்பம் முழுவதற்கும் சிக்கல். தகனம் அங்கே மாலையில், இங்கே காலை எட்டு மணிக்கு. மகள் பார்த்துவிடக் கூடாது என்று வீட்டில் இருக்காமல் அலுவலகத்துக்கு வந்து, என் கதவைத் தட்டினாள்.

"அக்கா, இங்க உக்காந்து பாத்துக்கட்டுங்களா?"

உட்காரவைத்தேன். போனில் அவள் தம்பி தகனத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். படம் நின்று நின்று வந்தது. ஒரு கட்டத்தில் சிதை மட்டும் உறைந்து நின்றது. ஒலி மட்டும் வந்தது. அவள் என் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். நான் அவள் முதுகைத் தடவினேன். அந்தக் கை உண்மையான கை. அதை நம்புங்கள்... மற்றதை நம்பாவிட்டாலும்.

ஒன்பதரை மணிக்கு எழுந்தாள். முகம் கழுவினாள். "பத்து மணிக்கு கிச்சன் செஷன் இருக்குதுங்க்கா. அவங்க காத்துட்டிருப்பாங்க" என்றாள். வேண்டாம் என்று தடுத்தேன். போனாள். நடத்திவிட்டு வந்தாள். அங்கே ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை.

அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான் அந்தப் படிவம் வந்தது.

பல்கலைக்கழகம் ஓராண்டுத் தலைமைப் பயிற்சி ஒன்றை நடத்துகிறது. அதை முடித்தவர்கள் பெரும்பாலும் ஒரு பிரிவின் பொறுப்புக்கு உயர்ந்துவிடுவார்கள். ரேவதி விண்ணப்பித்திருந்தாள். நான்தான் ஊக்கப்படுத்தினேன், ஊக்கப்படுத்துவது என் வேலை அல்லவா! அதே வாரத்தில் டயான் என்னை அழைத்து, அடுத்த ஆண்டு நம் அலுவலகத்தில் ஆளைக் குறைக்க வேண்டி வரலாம் என்று மெதுவாகச் சொன்னார். யாரை என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ரேவதி மேலே போனால் என் அலுவலகத்தில் மிஞ்சுவது என்ன? பன்னிரண்டு மணி யோகாவும் எட்டுப் பேரும்! அல்லது பயிற்சியை முடித்துவிட்டு என் நாற்காலிக்கே அவள் வந்தால்?

படிவத்தில் ஒரு கேள்வி: "நெருக்கடியில் இவர் எப்படி நடந்துகொள்கிறார்? ஓர் உதாரணம் தருக."

நான் ஆங்கிலத்தில் எழுதினேன். அதன் பொருள் இது: "சொந்தத் துயரங்களின்போது அலுவலக நேரத்திலேயே நிலைகுலைந்துவிடுகிறார். ஒருமுறை என் அறையில் நீண்ட நேரம் அழுதார். பெரிய பொறுப்பைத் தாங்கும் உறுதி இன்னும் வரவில்லை."

அப்பா இறந்த நாள் அது என்று எழுதவில்லை. பத்து மணிக்கு அவள் எழுந்து போனதை எழுதவில்லை. ஒரு சொல்கூடப் பொய்யில்லை, பாருங்கள். எத்தனை கெட்டிக்காரி நான்!

அவளுக்கு இடம் கிடைக்கவில்லை.

ஆறுதல் சொன்னேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நீ கொஞ்சம் ஸ்ட்ராங் ஆகணும் ரேவதி" என்று சொல்லி, நான் நடத்தும் மன உறுதிப் பயிற்சிக்கே வரச் சொன்னேன். வந்தாள். முதல் வரிசையில் அமர்ந்து, நான் சொல்வதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். அவள் பேனா நகரும்போதெல்லாம் நான் பார்வையைப் பின்வரிசைக்குத் திருப்பிக்கொண்டேன்.

மறு ஆண்டு அவள் விண்ணப்பிக்கவில்லை.

பிறகு ஓர் அறிவிப்பு வந்தது. பணியாளர்கள் தங்களைப் பற்றிய கோப்புகளைத் தாங்களே கேட்டுப் பார்க்கலாம். அன்றிலிருந்து அவள் என் கதவைத் தட்டும் ஒவ்வொரு முறையும், படித்துவிட்டாளோ என்று நினைப்பேன். விடுப்புக் கேட்க வருவாள். நான் நெற்றியைத் துடைத்துக்கொள்வேன். இப்படி எத்தனை வாரங்கள்!

பனி பெய்த ஒரு மாலை. அவள் கார் ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. வீட்டில் இறக்கிவிடுவதாகச் சொல்லி ஏற்றிக்கொண்டேன். 287 நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்தன.

"அக்கா, ஹெச்.ஆர்ல போய் என் ஃபைலைப் பாத்தேனுங்க்கா."

"எந்த ஃபைல்?" என்றேன். தெரியாதவள்போல!

"லீடர்ஷிப் ட்ரெய்னிங்குக்கு நீங்க எழுதினது."

வைப்பர் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தது. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. அவள் கத்தட்டும், அழட்டும், டயானிடம் போவேன் என்று மிரட்டட்டும்... எதற்கும் தயாராக இருந்தேன். பதிலும் வைத்திருந்தேன்.

"மொதல்ல கஷ்டமாத்தான் இருந்துச்சுங்க்கா. அப்பா போன அன்னிக்கு நடந்ததைப் போயி எழுதிட்டாங்களேன்னு. அப்புறம் யோசிச்சுப் பாத்தா... நீங்க எழுதினது கரெக்டுதான். நான் அப்படித்தான். வேற யாராச்சும்னா பூசி மெழுகி எழுதியிருப்பாங்க. நீங்க உள்ளதைச் சொன்னீங்க."



அந்த நொடியை நான் எத்தனை முறை திரும்ப வாழ்ந்திருக்கிறேன், தெரியுமா? "இல்லை ரேவதி, நீதான் எங்கள் எல்லோரிலும் உறுதியானவள், நான் பயந்துபோய் உன்னைக் கீழே தள்ளினேன்." இவ்வளவுதான் சொல்ல வேண்டும். வாயைக்கூடத் திறந்தேன். திறந்த வாயிலிருந்து வந்தது இது:

"உன் நல்லதுக்குத்தாம்மா எழுதினேன்."

"தெரியுங்க்கா" என்றாள்.

எழுதியது பயத்தில் செய்த பிழை என்று யாராவது வாதாடலாம். இதற்கு யார் வாதாடுவார்கள்? அவளே தன்னைக் குறைத்து எடை போட்டுக்கொண்டிருக்கையில், தராசை நான் அழுத்திப் பிடித்தேன்.

மூன்று மாதத்தில் அவள் மாற்றல் கேட்டுப் போய்விட்டாள். பழைய மாணவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் பிரிவு. கணினியும் தாள்களும் மட்டும். "அங்க யாரோடயும் பேச வேண்டியதில்லீங்க்கா. எனக்கு அதுதான் செட் ஆகும்" என்றாள். யாரை என்னோடு வைத்துக்கொள்ளத் துரோகம் செய்தேனோ, அவள் என்னோடும் இல்லை. ஆள்குறைப்பு என்று சொன்னார்களே, காலியான அவள் இடத்தை அப்படியே ரத்து செய்துவிட்டார்கள். என் நாற்காலி தப்பியது.

பத்து மணி வகுப்பை நான் நடத்திப் பார்த்தேன். நாற்பது இருபதாகி, இருபது ஆறாகி, ஒருநாள் நான் மட்டும் தொட்டிகளுக்கு நடுவே நின்றேன். முழங்கால் வலிக்காரப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "ரேவதி எப்போது வருவாள்?" என்று கேட்டாள். உடம்பு சரியில்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? தெரியாது. பொய் இப்போது என் நாக்குக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது.

போன மாதம் பிரிட்ஜ்வாட்டர் கோயிலின் கார் நிறுத்துமிடத்தில் அவளைப் பார்த்தேன். கூடவே மகள், அம்மாவை விட உயரமாகிவிட்டாள்.

"எப்படியிருக்கீங்க்கா? மெலிஞ்சுட்டீங்களே!" என்று அதே அன்போடு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மகளின் படிப்பைப் பற்றிக் கேட்டேன். பள்ளி மாணவர் மன்றத் தலைவர் தேர்தலில் நிற்கச் சொல்லி ஆசிரியர்கள் கேட்டார்களாம்.

"நான்தான் வேண்டாம்னுட்டேனுங்க்கா. அவளுக்கும் என் மனசுதான். அதெல்லாம் தாங்காது."

"ஐ வான்டட் டு ட்ரை, அம்மா" என்றாள் அந்தப் பெண். கோபமில்லாமல், தரையைப் பார்த்துக்கொண்டு.

"ரேவதி, அந்த ஃபார்ம்ல நான் எழுதினது..." என்று தொடங்கிவிட்டேன். உண்மையாகவே தொடங்கினேன்! அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"அட, விடுங்க்கா. அதையெல்லாம் நான் எப்பவோ மறந்தாச்சு."

நான் விட்டுவிட்டேன். அவளே சொல்லிவிட்டாள் அல்லவா என்று அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, காரில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டேன். கண்ணாடியில் தாயும் மகளும் படியேறிப் போவது தெரிந்தது. மகள் இரண்டடி பின்தங்கி நடந்தாள்.

உங்களிடம் சொல்ல எனக்கு இத்தனை சொற்கள் கிடைத்திருக்கின்றன. உங்களால் எனக்கு ஒரு கெடுதலும் வராது, அதனால் கிடைத்தன. அவள் எண் என் போனில் இருக்கிறது. எடிசனுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

அவள் மறக்கவில்லை. நான் எழுதியதைத் தன் மகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள். தெரிந்தும், இன்றும் நான் போகவில்லை.