பவளத்துக்காகத் திறந்த ஜன்னல்

தேவிகுளத்து ரிசார்ட்டில் அழகுத்தாயை 'ஜன்னல் கிறுக்கி' என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், அவளுக்கென்ன! பல் கிட்டுகிற மார்கழிக் குளிரிலும் முன்கூடத்து ஜன்னல்களைத் திறந்துவிட்டுத்தான் விளக்குமாற்றையே தொடுவாள்.

அந்தக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. உப்புத் தண்ணீர், நாலு மீன், கையகலத்துக்கு உயிருள்ள பவளம். மலைமேல் கடலைக் கொண்டுவந்து வைத்தால் பவுசு என்று முதலாளிக்கு நினைப்பு. தொட்டியைத் துடைப்பது அழகுத்தாய் வேலை. தண்ணீரைச் சோதிக்கத் தூத்துக்குடியிலிருந்து ஆசீர்வாதம் என்பவன் அவ்வப்போது வருவான்.

போன சீசன் தொடக்கத்தில் அவன் தொட்டதும் பவளத்தின் நுனி மாவாக உதிர்ந்தது. அழகுத்தாய் பதறிப்போனாள். "நான் ஒண்ணும் பண்ணலய்யா."

"உங்க மேல தப்பில்லக்கா. ஹால் நிறைய ஆளு, கணப்புத் தீ, ஜன்னல் பூராச் சாத்திக் கெடக்கு. விடுற மூச்சும் புகையும் போக்கிடம் இல்லாம தண்ணியில எறங்குது. தண்ணி புளிச்சுப்போச்சுன்னா பவளத்தால ஓடு கட்ட முடியாது, கட்டுனதும் கரையும். கடல்லயும் இதே கூத்துதான். ஊரு உலகத்துப் புகையை அதுதான குடிக்குது."

சாத்தின ஜன்னல், தீ, மூச்சு. அழகுத்தாய்க்கு அதற்குமேல் எதுவும் காதில் ஏறவில்லை. அவள் புருஷன் பெரியமுத்து, தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் குளிர் தாங்காமல் கரிச்சட்டியைப் பற்றவைத்து, எல்லாவற்றையும் சாத்திவிட்டுப் படுத்தவன். வேலை முடிந்து இவள் வந்து கதவைத் தள்ளியபோது கரிப்புகையில் மூச்சடைத்து விறைத்துக் கிடந்தான். இவள் அன்றைக்கும் அழவில்லை, கருமாதிக்கும் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்றது ஊர். பாவம், உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

ஆசீர்வாதம் சொன்ன மறுநாளே கூடத்து ஜன்னல்களைத் திறந்தாள். கொஞ்ச நாளில் பவளம் உதிர்ந்த இடத்தில் வெள்ளையாகத் துளி நுனி கட்டியது. இது பிழைக்கணும் சாமி என்று வேண்டிக்கொண்டாள். புருஷனுக்கு அப்படி வேண்டக்கூட நேரம் கிடைக்கவில்லை.

கிறிஸ்துமஸ் கூட்டம் வந்தது. "வந்தவங்க நடுங்குறாங்க, உனக்குப் பவளம் பெருசாப் போச்சா?" என்று மேனேஜர் மோகனசுந்தரம் ஜன்னல்களுக்குப் பூட்டே போட்டுவிட்டார்.

"ஒரு ஜன்னல் மட்டும், சார்." யாரிடமும் எதுவும் கேட்டறியாதவள் கேட்டாள்.

"பாக்கலாம், பாக்கலாம்."

எங்கே பார்த்தார்! கூட்டம் வடிந்தபோது தொட்டியில் பவளத்தின் வெறும் கூடு நின்றது. அதை எடுத்துக் குப்பையில் போட்டதும் அழகுத்தாய்தான். அப்போதும் அழுகை வரவில்லை.

அந்த இடத்தில் ரோஸ் நிறத்தில் பிளாஸ்டிக் பவளம் வந்தது. இருந்ததைவிட இதுதான் அழகு என்று பக்கத்தில் நின்று எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். பூட்டும் கழன்றது.

மறுநாள் காலை அவள் பழையபடி ஜன்னல்களைத் தள்ளித் திறந்தாள்.

"அட, இன்னும் எதுக்கும்மா? பிளாஸ்டிக்தானே, அதுக்கு என்ன ஆகப்போகுது?" கணப்புப் பக்கம் குளிர்காய்ந்துகொண்டிருந்த மோகனசுந்தரம் சிரித்தார்.

"உள்ள நீங்கள்லாம் இருக்கீகளே, சார்" என்று சொல்லிவிட்டு, அழகுத்தாய் அடுத்த ஜன்னலுக்குப் போனாள்.