மூடியவர்: ஆபரேட்டர் பதினேழு

கிளெமென்ட்டுக்கு நான்கு பாஷை தெரியும். வீட்டில் தமிழ், ஆபீசில் கன்னடம், அல்சூர் மார்க்கெட்டில் பாதி உருது, கம்ப்யூட்டரில் இங்கிலீஷ். வேலை பார்த்த கூரியர் கம்பெனி கிளையை மூடிவிட்டு அவரை வீட்டுக்கு அனுப்பியபோது அவருக்கு வயது நாற்பத்தொன்று. அந்த வயதில் அவருக்கு இன்னொரு வேலை வாங்கிக் கொடுத்தது இந்த நான்கு பாஷைதான். ஒரு வார்டு ஆபீசின் புகார்ப் பிரிவில் ஒப்பந்த ஆபரேட்டர். மார்ச் மாதம் ஒப்பந்தம் முடியும். ஏப்ரலில் எப்போதாவது மறுபடி போடுவார்கள். போடுவார்கள் என்று நம்பி அந்த இடைப்பட்ட நாட்களிலும் போய் உட்கார வேண்டும். அப்படியே ஆறு வருஷம் ஓடிவிட்டது.

வேலை சொல்வதற்குச் சுலபம். ஜனங்கள் செல்போன் ஆப்பில் புகார் போடுவார்கள். தெருவிளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வரவில்லை, ரோட்டில் பள்ளம் என்று படத்தோடு வரும். கிளெமென்ட் அதைப் படித்துப் பொறியாளருக்கு அனுப்ப வேண்டும். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் 'தீர்க்கப்பட்டது' என்று போட்டு மூட வேண்டும். மூடாவிட்டால் திரையில் அந்த வரி சிவப்பாகிவிடும். சிவப்பு அதிகமானால் மேலிடத்திலிருந்து பொறியாளருக்குப் போன் வரும். பொறியாளருக்கு வந்தது அடுத்த நிமிஷம் கிளெமென்ட்டின் தலையில் இறங்கும்.

"க்ளோஸ் மாடி கிளெமென்ட், ஆமேலே நோடோணா" என்பார் பொறியாளர். மூடிவை, பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பிறகு வந்ததே இல்லை.

முதல் சில மாதங்கள் கிளெமென்ட் ஒவ்வொரு புகாருக்கும் போன் போட்டு, "சார், வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுத்தான் மூடினார். பிறகு பெரிய புகார்களுக்கு மட்டும் கேட்டார். பிறகு அதுவும் நின்றது. காலையில் வந்ததும் ஒரு டீ, டீ ஆறுவதற்குள் முந்தைய நாள் புகார்களை வரிசையாக மூடுவது என்று கை பழகிவிட்டது. சாயங்காலம் வீடு திரும்பும்போது மூட்டை சுமந்தவர் மாதிரி தோள்பட்டை இரண்டும் வலிக்கும். அவர் தூக்கியதெல்லாம் ஒரு மவுஸ்தான்.

முகம் தெரியாமலே சிலர் அவருக்கு அறிமுகமானார்கள். ஒருவர் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதித் திட்டுவார். இன்னொருவர் குப்பைமேட்டின் படத்துக்குக் கீழே 'நன்றி, இறைவன் காப்பார்' என்று முடிப்பார். அவர்களில் மறக்க முடியாதவர் சுப்புலக்ஷ்மி. மாநில அரசுப் பணியில் முப்பத்துநாலு வருஷம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர் என்று அவரே எழுதியிருந்தார். புகாரும் கோப்பு மாதிரியே இருக்கும். பொருள், பார்வை, முந்தைய புகார் எண், தேதி, எல்லாம் ஒழுங்காக. விஷயம் மட்டும் ஒன்றுதான். அவர் குடியிருந்த ஏழாம் நம்பர் வீட்டு வாசலில், சாக்கடைமேல் போட்டிருந்த கல் ஸ்லாப் இரண்டாக உடைந்து உள்ளே விழுந்துவிட்டது. பதினோரு தடவை எழுதினார். பதினோரு தடவையும் கிளெமென்ட் மூடினார்.

மே மாதம் கோடை மழை கொட்டித் தீர்த்த மறுநாள் பன்னிரண்டாவது புகார் வந்தது. இந்த முறை பொருளும் இல்லை, பார்வையும் இல்லை. 'என் கணவர் சேஷகிரி, வயது எழுபத்தெட்டு, நேற்று மாலை அந்தப் பள்ளத்தில் விழுந்துவிட்டார். தண்ணீர் நின்றதால் பள்ளம் தெரியவில்லை. கணுக்கால் முறிந்துவிட்டது. தயவுசெய்து இதையாவது மூடாதீர்கள்.'

கிளெமென்ட் அதை இரண்டு தடவை படித்தார். வெகுநாள் கழித்துப் பொறியாளருக்குப் போன் போட்டார்.

"சார், ஒரு பெரியவர் விழுந்துட்டாரு சார். ஸ்லாப் கேஸ், ஏழாம் நம்பர்."

"மழை டைம் கிளெமென்ட். கேங்கு ஆளுங்க பூரா ராஜகால்வாய்ல அடைப்பெடுத்துட்டு நிக்கறாங்க, யார அனுப்பட்டும்? அடுத்த வாரம் பாக்கலாம். இன்னிக்கு ரிவ்யூ இருக்கு, ரெட் ஏதும் இல்லாம பாத்துக்கோ."

கிளெமென்ட் போனை வைத்தார். பிறகு மூடினார். அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவி லவினா கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார்.

புகார் விவரம் எல்லாம் வாராவாரம் திங்கட்கிழமை பொதுவில் வெளியிடப்படுகிறது என்பது கிளெமென்ட்டுக்குத் தெரியும். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். யாரும் இறக்கிப் பார்த்ததாக அவர் கேள்விப்பட்டதில்லை. ஆகஸ்டில் ப்ரஹ்லாத் என்ற இளைஞன் இறக்கினான். சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பவன். லீவு நாட்களில் நண்பர்களோடு உட்கார்ந்து அந்த விவரத்தையெல்லாம் ஓர் இணையப் பக்கமாக்கிவிட்டான். தெருப்பெயரைத் தட்டினால் அந்தத் தெருவின் புகார்கள், எந்த நம்பர் ஆபரேட்டர் எப்போது மூடினார் என்பது வரை வந்து விழும். பக்கத்துக்குக் கன்னடத்தில் 'நம்ம பீதி' என்று பெயர். நம்ம தெரு என்று அர்த்தம். தமிழில் படிக்கிறவர்களுக்கு வேறு அர்த்தம் தோன்றியது. கிளெமென்ட்டுக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து டிபன் சாப்பிடும்போது லவினா போனை எடுத்து வாசித்தாள். அவள் நர்சரிப் பள்ளியில் டீச்சர். எதையும் சத்தமாகத்தான் வாசிப்பாள்.

"இங்க பாருங்க, கோயில் குரூப்புல வந்திருக்கு. ஆபரேட்டர் பதினேழாம். கம்ப்ளெயின்ட்ட தெறந்து நாலே நிமிஷத்துல தீந்துடுச்சுன்னு மூடிட்றானாம். ஒருத்தர் கால் ஒடஞ்சு எழுதியிருக்காரு, அதையும் மூடியிருக்கான். மனுஷனா இவன்? ஒங்க ஆபீசாட்டம் இருக்கே, யாருங்க அது?"

"தெரியல" என்றார் கிளெமென்ட். இட்லியைச் சட்னியில் தொட்டார், வாயில் வைக்கவில்லை.

சாயங்காலம் அவள் யூனிஃபார்ம் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றார். "அந்தப் பதினேழு நான்தான் லவினா."

அவள் இஸ்திரியை நிறுத்தவில்லை. புடவையை மடித்து, இன்னொரு மடிப்பும் மடித்த பிறகுதான் பேசினாள். "காலைலயே சொல்லியிருக்கலாமில்ல. நான் ரெண்டு குரூப்புக்கு அனுப்பிட்டேன்."

மாதா மாதம் நடக்கும் வார்டு கூட்டத்துக்கு வழக்கமாக ஏழெட்டுப் பேர் வருவார்கள். அந்த மாதம் நாற்காலி போதாமல் ஜனங்கள் சுவரோரம் நின்றார்கள். ப்ரஹ்லாத் தன் பக்கத்தைத் திரையில் காட்டி விளக்கினான். லேப்டாப்பை இயக்கிக் கொடுத்தவர் கிளெமென்ட். தன் நம்பர் சிவப்பு வட்டத்துக்குள் இருப்பதைத் தானே பெரிதாக்கிக் காட்ட வேண்டியிருந்தது.

"யார் சார் அந்த செவன்டீன்? கூப்பிடுங்க அவன!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். பொறியாளர் போனில் எதையோ மும்முரமாகத் தேடினார்.

கிளெமென்ட்டுக்கு வீராவேசம் எதுவும் வரவில்லை. ஒளிந்து ஒளிந்து அலுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். எழுந்து நின்றார். "நான்தான்."

முன்வரிசையில் மூக்குக்கண்ணாடியும் துணிப்பையுமாக உட்கார்ந்திருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

"நீங்கதானா? நான் ஏதோ மிஷின்தான் மூடிண்டிருக்குன்னு நெனச்சேன். நான் சுப்புலக்ஷ்மி."

"தெரியும் மேடம். ஏழாம் நம்பர்."

"நான் எழுதினதப் படிச்சேளா, இல்ல படிக்காமயே மூடினேளா?"

"படிச்சேன் மேடம்."

"இவர் விழுந்தத எழுதினேனே, அதையும்?"

"ரெண்டு தடவ படிச்சேன்."

"படிச்சுட்டுமா மூடினேள்?"

"படிச்சுட்டுதான் மேடம்."

அந்த அம்மாள் முன்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்று கிளெமென்ட்டுக்குப் பட்டது. யாரும் கேட்காமலே தன் வேலையைச் சொன்னார். ஸ்லாப் போட அவருக்கு அதிகாரம் இல்லை. அவர் கையில் இருப்பது ஒரு பட்டன். அதை அழுத்தாவிட்டால் சிவப்பாகும், சிவப்பானால் ஏப்ரலில் அவர் நாற்காலியில் வேறொருவர். "நியாயம்னு சொல்லல. நடக்கறது இதுதான்" என்று முடித்தார்.

கூட்டம் கலையும்போது ப்ரஹ்லாத் அவரிடம் வந்தான். அவன் முகம் வாடியிருந்தது. "சாரி சார். நம்பருக்குப் பின்னால ஒரு ஆளு இருப்பாருன்னு யோசிக்கவே இல்ல." பிறகு, கிளம்பப் போனவன் நின்று கேட்டான். "சார், அந்த ஃபைல்ல 'குறிப்பு'ன்னு ஒரு கட்டம் இருக்கு. இருபதாயிரம் வரில ஒண்ணுல கூட எதுவும் இல்ல. அது யாருக்கு?"

"எங்களுக்குதான். இஷ்டம் இருந்தா எழுதலாம். யாரும் எழுதறதில்ல."

"நீங்க எழுதினா அது எங்களுக்கும் வரும் சார்."

பக்கத்தில் நின்றிருந்த சுப்புலக்ஷ்மி துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "மூட வேண்டியிருந்தா மூடிக்கோங்கோ. ஏன் மூடினேள்னு ஒரு வரி எழுதுங்கோளேன். முப்பத்துநாலு வருஷம் நான் அதத்தான் பண்ணினேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

திங்கட்கிழமை முதல் புகார் ஒரு தெருவிளக்கு. கிளெமென்ட் குறிப்புக் கட்டத்தில் எழுதினார்: 'இடத்துக்கு யாரும் போகவில்லை. மூடச் சொன்னதால் மூடுகிறேன்.' பட்டனை அழுத்தினார். வரி பச்சையானது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. அடுத்ததற்கும் எழுதினார். மத்தியானத்துக்குள் முப்பத்தொரு குறிப்புகள். வழக்கமாக ஒரு நாளில் மூடுவதை மூடி முடிக்க இரண்டு நாளானது.

மூன்றாவது வாரம் பொறியாளர் அவரைக் கூப்பிட்டார். மேஜையில் அந்த இணையப் பக்கத்தின் அச்சுப் பிரதி கிடந்தது.

"ஏன்ரீ இது கிளெமென்ட்?" என்ன இது என்று கேட்டார்.

"தப்பா எழுதியிருந்தா சொல்லுங்க சார், மாத்திடறேன்."

பொறியாளர் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அவருக்கும் கண்ணுக்குக் கீழே கருவளையம். "தப்பு இல்ல. அதுதான் ப்ராப்ளம்" என்றார். கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மூணு வார்டுக்கு ஒரே கேங்கு. ஸ்டோர்ல ஸ்லாப் கெடயாது. நான் எழுதின லெட்டர் எல்லாம் மேல தூங்குது. எழுதறதுதான் எழுதற, அதையும் எழுது."

கிளெமென்ட் எழுதினார். 'மூன்று வார்டுக்கும் ஒரே பணியாளர் குழு. கையிருப்பில் ஸ்லாப் இல்லை.' அடுத்த கூட்டத்தில் அந்த ஒரே வரியை நூற்றுப்பதினான்கு புகார்களுக்கு எதிரே ப்ரஹ்லாத் காட்டினான். ஜனங்கள் முதல் தடவையாக ஆபரேட்டரையும் பொறியாளரையும் விட்டுவிட்டு, வேறு குழு எங்கே என்று மேலிடத்துக்கு மனு எழுதினார்கள். சுப்புலக்ஷ்மிதான் எழுதிக் கொடுத்தார். பொருள், பார்வை எல்லாம் வைத்து.

அக்டோபரில் இரண்டாவது குழு வந்தது. ஆறு வாரம் இருந்தது. சுப்புலக்ஷ்மியின் தெருவில் முனையிலிருந்து ஒன்பதாம் நம்பர் வீடு வரை புது ஸ்லாப் போட்டது. பிறகு அதை வேறெங்கோ அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலமே புதுப் புகார் வந்தது. 'பொருள்: பத்தாம் நம்பர் வீடு முதல் தெருக்கோடி வரை.' அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஆறு வருஷத்தில் கிளெமென்ட் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை வெளியான விவரத்தில் குறிப்புக் கட்டம் இல்லை. ப்ரஹ்லாத் எழுதிக் கேட்டதற்கு, படிவம் மாற்றப்பட்டுள்ளது என்று ஒரு வரிப் பதில் வந்தது. அவன் இன்னும் இரண்டு கடிதம் போட்டான். பிறகு கம்பெனி அவனை ஹைதராபாத்துக்கு மாற்றியது. நண்பர்கள் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டார்கள். பிப்ரவரிக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் எதுவும் மாறவில்லை.

ஏப்ரலில் கிளெமென்ட்டின் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள், ஆனால் வேறிடத்தில். பொம்மனஹள்ளி தாண்டி ஓர் ஆபீசில், பிறப்புச் சான்றிதழ் கவுன்ட்டர். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். இது தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. வழக்கமான மாற்றம் என்றார்கள். பொறியாளர் கை குலுக்கி, "ஒள்ளேதாகலி" என்று வாழ்த்தி அனுப்பினார்.

"வருத்தமா இருக்கா?" என்று லவினா கேட்டாள்.

கிளெமென்ட் யோசித்துப் பார்த்தார். "இல்ல. டயர்டா இருக்கு."

"அது எப்பவும்தான் இருக்கு" என்று சொல்லி அவருக்கு முதுகில் தைலம் தேய்த்துவிட்டாள்.

ஜூன் மாதம், கவுன்ட்டரில் வரிசை நீண்டு நின்ற ஒரு காலை, சுப்புலக்ஷ்மி போனில் கூப்பிட்டார். சேஷகிரி வாக்கர் பிடித்து வாசல் வரை நடக்கிறார் என்றார். பத்தாம் நம்பர் அப்படியேதான் இருக்கிறதாம்.

"ஒங்க எடத்துல வந்திருக்கறவர் யாரு? மகா வேகமா மூடறார்."

"டிரேவர்னு பேரு மேடம். அவரும் கான்ட்ராக்ட்தான். ரெண்டு சின்னப் புள்ளைங்க."

"அப்போ நான் என்ன பண்ணட்டும்?"

"ஆப்ல போடறதப் போடுங்க. கூடவே ஒரு தடவ நேர்ல போய்ப் பாருங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுங்க மேடம்."

"கால் வலிக்கறது கிளெமென்ட்" என்றார் அந்த அம்மாள். பிறகு அவரே சொன்னார்: "சரி, வெள்ளிக்கிழம போறேன். எத்தன மணிக்கு சீட்ல இருப்பார்?"

"பதினொன்னுக்கு மேல போங்க. அதுக்கு முன்னால ரிவ்யூ இருக்கும்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண், மகள் பெயரில் ஓர் எழுத்து தப்பாக விழுந்திருக்கிறது, மூன்றாவது தடவையாக வருகிறேன் என்று கன்னடத்தில் சொல்லத் தொடங்கினாள். கிளெமென்ட் கையை நீட்டிக் காகிதத்தை வாங்கினார்.