மஞ்சளாக எரிந்த டார்ச்

இது நடந்தது. போன ஐப்பசியில், அன்னூருக்கு வடக்கே ஒரு வாழைத் தோட்டத்தில். நம்பச் சொல்லி சாந்தாமணி யாரையும் வற்புறுத்தியதில்லை. சொல்லும்போது அவள் குரல்கூட ஏறாது.

அவள் கணவர் தனபால் இறந்து இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. இருட்டில் மோட்டாரை நிறுத்தப் போனவர், செல்போன் வெளிச்சத்தில் வரப்பில் கிடந்த கண்ணாடி விரியனைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து சாந்தாமணி அழவில்லை. பசிக்கவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், சோறாக்கினாள், யாரோ செய்வதை வேடிக்கை பார்ப்பதுபோல. ஆனால் மோட்டாரை யாராவது போய் நிறுத்தித்தானே ஆக வேண்டும்? டார்ச் வாங்க அன்னூருக்குப் போனாள்.

கடைக்காரர் சுஃப்யான், உள்ளங்கைக்குள் அடங்குகிற இரண்டு டார்ச்சுகளை எடுத்து வைத்தார்.

"இது சார்ஜ் போடறதுங்கக்கா. வெளிச்சம் தூரமாப் போகும். ஆனா கரண்ட் இல்லாத அன்னைக்குக் கையை விரிச்சுப்போடும். இது செல்லு போடறது. வெளிச்சம் கம்மிதான், ஆனா செல்லு எந்தக் கடையிலயும் கிடைக்கும்ங்க."

"எது நல்லதுங்க?"

"ரெண்டையும் தோட்டத்துல அடிச்சுப் பாருங்க. வேண்டாததை நாளைக்குத் திருப்பிக் குடுங்க."

அன்று மாலை 7:10. நிலா இன்னும் எழும்பவில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு, சார்ஜ் டார்ச்சை அடித்தபடி கிளம்பினாள். வெள்ளை வெளிச்சம் கிணற்று மேட்டுத் தென்னைவரை நீண்டது. குறை சொல்ல ஒன்றுமில்லை. 7:18க்கு மோட்டாரை நிறுத்தினாள். திரும்பும்போது அதை அணைத்து இடுப்பில் செருகிவிட்டு, செல் டார்ச்சின் பொத்தானை அழுத்தினாள்.

மஞ்சள் வெளிச்சம். பாதை தெரிந்தது. பரவாயில்லை, இதுவே போதும் என்று தோன்றியது.

காலடியில் வாழைச்சருகு நொறுங்கியது. சரக்... சரக்...

நின்றாள்.

சரக்...

ஒரு சத்தம் கூடுதலாகக் கேட்டது.

மறுபடி நடந்தாள். அவளுடைய நிழல் அவளுக்கு முன்னால் நீண்டு கிடந்தது. இதில் ஏதோ தப்பு என்று பட்டது. என்ன தப்பு என்று யோசிக்க மனம் ஓடவில்லை.

7:24. வரப்பின் திருப்பம். தனபால் விழுந்த இடம்.

கையிலிருந்த டார்ச்சை வீட்டுப் பக்கம் திருப்பினாள். வெளிச்சம் திரும்பவில்லை. அங்கேயே, தரையில், அசையாமல் நின்றது.

பயம்கூட வரவில்லை. முதுகு மட்டும் சில்லிட்டது.

திரும்பிப் பார்க்கவில்லை. நடந்தாள். வெளிச்சமும் நடந்தது.

சரக்... சரக்...

7:31. வாசல். அணைக்கப் பொத்தானை அழுத்தினாள்.

அணையவில்லை.

ஒன்று... இரண்டு... மூன்று...

அணைந்தது.

மறுநாள் காலை இரண்டையும் கடை மேசைமேல் வைத்தாள்.

"செல்லு டார்ச்சையே எடுத்துக்கறேனுங்க. மஞ்சளா எரியுது, கண்ணு கூசல."

"மஞ்சளா? இது வெள்ளை பல்புங்களேக்கா..."

சுஃப்யான் பின்மூடியைத் திருகித் திறந்தார். செல்லுக்கும் மூடிக்கும் நடுவே, கம்பெனியில் வைத்த பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது.

"இந்தத் தாளை எடுத்தாத்தானுங்க எரியும். நேத்து சொல்ல மறந்துபோட்டேன். இது எரிஞ்சே இருக்காதுங்களே... இருட்டுல எப்படீங்க ஊடு போய்ச் சேர்ந்தீங்க?"

அவர் தாளை உருவிவிட்டு மூடியைத் திருகி அழுத்தினார். பால்போல வெள்ளையாக எரிந்தது.

முன்னால் நீண்டு கிடந்த நிழல் அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அந்த வெளிச்சம், வீட்டு வாசல்வரை, அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்திருக்கிறது.

"அக்கா... என்னங்க ஆச்சு?"

சாந்தாமணி டார்ச்சை வாங்கக் கையை நீட்டினாள். வாங்கிப் பொத்தானை அழுத்தியதும் உடனே அணைந்தது.